கோளுக்குள் வைத்த கல்

நெடுந்தீவுச் சாமான் வள்ளத்தில் ஜெகதீஸ் ஒரு பொருளை ஏற்றினால் அது பத்திரமாகக் கரை சேரும். அதில் மனுசன் பெரிய விண்ணன். சீமெந்துப் பையைப் பற்றிக் கவலையே படமாட்டார். பருமனாக, இலேசாக இருப்பவைதான் அவருக்கு எதிரி. ஸ்பொஞ்ச் மெத்தையோ வெறும் மீன்பெட்டியோ, காற்றுக்குப் பயந்து ஒரு முருகைக்கல்லையும் சேர்த்துக் கட்டிவிடுவார்.

மனைவி துஷாந்தி தீவுப் பாடசாலையில் விஞ்ஞான ரீச்சர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களுக்கான கண்காட்சி ஒன்று வந்தது. முதலாவதாக வருகிறவரின் பாடசாலைக்கு ஒரு தொலைநோக்கி! சாப்பாடு தண்ணியை மறந்து, பலூன்களின் மேல் கடதாசி ஒட்டி, மூன்று பெரிய உருண்டைகள் செய்தாள்.

"எங்கட சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம். அதைச் சுத்துற கோளுகள் வியாழனளவு பருமன். ஆனா வாயில வைச்சதும் கரையிற தும்புமுட்டாஸ் மாதிரி இலேசு. நடுவர் தூக்கிப் பாத்தால்தான்..."

இலேசு என்றதுமே ஜெகதீசுக்குப் பதறிவிட்டது. மிச்சத்தை அவர் கேட்கவேயில்லை.

விடிய வள்ளத்தில் ஏற்றும்போது, இரண்டு உருண்டைகளின் அடித் துளையால் சாரத்துண்டில் சுற்றிய ஒவ்வொரு கல்லை மெல்ல உள்ளே வைத்தார். பசை காயாத மூன்றாவது துஷாந்தியின் மடியில் இருந்ததால் தப்பியது.

மண்டபத்தில் நடுவர் அம்மா ஓர் உருண்டையைத் தூக்கினார்.

"என்ன ரீச்சர், நல்ல பாரமாக் கிடக்கு?"

துஷாந்தியின் முகம் செத்துவிட்டது. துளைக்குள் கையை விட்டாள். தன் வீட்டுச் சாரத்துண்டு! திரும்பி, கதவடியில் நின்ற புருசனைப் பார்த்தாள். பாவம் மனுசன், பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று நின்றார்.

அவள் கல்லை எடுக்கவில்லை.

"மிஸ், இதை ஒரு கையில வைச்சிருங்கோ. இது எங்கட வியாழன்." மடியில் வந்த உருண்டையை மற்றக் கையில் கொடுத்தாள். "இது அந்த நட்சத்திரத்தைச் சுத்துற கோள். பருமன் ஒண்டுதான்."

நடுவர் இரண்டு கைகளையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். "அட!" என்று சிரித்தார். மற்ற நடுவர்களையும் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது வள்ளத்தில் ஜெகதீஸ் மெதுவாகக் கேட்டார்.

"கோவமோ?"

"எனக்கு உசிர் போய் வந்தது. அந்தக் கல் இல்லாட்டி நான் இவ்வளவு வடிவா விளங்கப்படுத்தியிருக்க மாட்டன், அது வேற கதை." சிரிப்பை அடக்கமுடியவில்லை அவளுக்கு. "வாற கிழமை தொலைநோக்கி வருகுது. அதுக்கும் கல்லுக் கட்டுவீங்களோ?"



தொலைநோக்கி வந்த நாளில் நல்ல காற்று. ஜெகதீஸ் அந்தப் பெட்டியை மற்றச் சாமான்களோடு சேர்க்கவில்லை, கயிறும் போடவில்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவு வரைக்கும் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார். துறையில் காத்து நின்ற துஷாந்தியிடம் நீட்டினார்.

"கை விறைச்சுப் போச்சு. பிடியும்."