லாக்கெட்டுக்குள் ஒரு மீசைக்காரர்

எதிர்வீட்டு அக்காவின் கணவர் பாத்திரம் தேய்க்கிறார். அக்கா சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, குழந்தைகளுக்கான பல் பிரஷ்ஷால் சேலையில் குத்தும் பூ வடிவ வெள்ளிப் புரூச் ஒன்றைத் தூசி தட்டுகிறார். தண்ணீர் கூடாது, சோப்பு கூடாது. இதழ்களின் இடுக்கில் படிந்திருக்கும் கறுப்பு போகவே கூடாது. "அது அழுக்கில்ல, வயசு" என்பார்.

அக்காவுக்குப் பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும். ஞாயிறு சந்தையில் பழைய சாமான் குவியலுக்கு முன்னால் குந்திவிட்டால், எழுப்ப ஆள் வேண்டும். கல் மின்னுகிறதா என்றெல்லாம் பார்க்கமாட்டார். முதலில் புரட்டுவார். "முன்பக்கம் ஊருக்குக் காட்டுறது. செஞ்சவன் கை பின்னாடிதான் தெரியும்." கற்கள் ஒன்றுபோல் இல்லையென்றால் கையால் பட்டை தீட்டியது. மோதிரத்தின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அதை ஒட்டி இன்னொரு மோதிரம் இருந்திருக்கிறது. "அது எங்க போச்சோ, பாவம்" என்று காணாமல் போன பிள்ளையைப் போல விசாரிப்பார்.

"எவளோ செத்தவ போட்டதையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கா" என்று நாத்தனார் முகம் சுளிப்பதுண்டு. அக்காவுக்கு அது உறைக்காது. "கடையில புதுசா வாங்கினா அதுல யாரு இருக்கா? இதுல ஆள் இருக்கு."

ஆள் இருப்பதுதான் கணவருக்குப் பிரச்சினை. அண்மையில் வாங்கிய, திறந்து மூடும் லாக்கெட்டுக்குள் ஒரு பக்கம் காலி. மறுபக்கம், நகத்தளவு படத்தில், முறுக்கு மீசையோடு ஒருவர். யார், எவர் என்று தெரியாது. உள்ளே இருப்பதை எடுக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். வேலைக்குப் போகும்போதும் மீசைக்காரர் கழுத்தோடு போகிறார்.

பேருந்து ஓட்டுநரான கணவர் முதலில் கேலிதான் செய்தார். "உன் மீசைக்காரர் சாப்டாரா?" பிறகு ஒரு நாள், அக்கா குளிக்கப் போன நேரம், லாக்கெட்டைப் பற்பசை போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தார். உதவியாம். "அவரு வயசு உங்களுக்கு ஏங்க உறுத்துது?" என்று கேட்ட அக்கா, அதன்பின் பல நாள் வாயே திறக்கவில்லை. அப்புறம் கணவரும் மீசை வளர்த்தார். "பஸ்ல ஏறுறவன்லாம் சல்யூட் அடிக்கிறான்" என்று சொல்லிப் பார்த்தார். அக்கா நிமிரவில்லை.

இன்று ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தவர், பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் துண்டின்மேல் வைக்கிறார். நகத்தளவு. வட்டமாக வெட்டியது. மீசையோடு.

"அவரை எடுக்கச் சொல்லல. காலியா இருக்கிற பக்கத்துலதான்."

"அது அவரு பொண்டாட்டி எடம்."

"அவ இப்ப எங்க இருக்கா?"

"இருந்திருப்பா."

"நான் இருக்கேனே!"

அக்கா படத்தை எடுக்கிறார். முகத்தைப் பார்க்காமல் புரட்டுகிறார். குட்டிக் கண்ணாடியைப் பிடித்துப் பின்பக்கத்தை ஆராய்கிறார். வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

"ரொம்பப் புதுசா இருக்குங்க."

"பழசாகணும்னா? நான் சாகணுமா?"

சரியாக மூடாத குழாய் சொட்டுகிறது. அக்கா கழுத்திலிருந்து லாக்கெட்டைக் கழற்றுகிறார். ஒரு கையில் அது, மறு கையில் கணவரின் படம். எழுந்து உள்ளறைக்குப் போகிறார். திரும்பி வரும்போது லாக்கெட் மூடிக் கழுத்தில் கிடக்கிறது; அதற்குள் இப்போது இரண்டு மீசைக்காரர்கள்.