மூன்று நாள் திறக்காத பக்கம்

லிஃப்ட் மெக்கானிக்குகளில் இரண்டு ரகம் உண்டு. எல்லாம் தெரிந்த முகத்தோடு கண்ணில் பட்ட திருகாணியையெல்லாம் திருகிப் பார்ப்பவர்கள் ஒரு ரகம். நம்ம ஆள் இன்னொரு ரகம். ஒன்றை மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார், சரியாகவில்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பார். இருபத்தாறு வருஷமாக இதுதான் அவருடைய வழி. இந்த ஒழுங்கில் கர்வமும் உண்டு, கொஞ்சநஞ்சமில்லை.

ஒன்றை நம்பி எதையும் விடமாட்டார். வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு, சைக்கிளுக்கு இரண்டு, சாப்பாட்டு டப்பாவுக்குக்கூட இரண்டு ரப்பர் பேண்டு. அவர் லிஃப்ட் பார்க்கிற பதினான்கு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ரெட்டைப்பூட்டுதான். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

இப்படிப்பட்டவர் போனைச் சும்மா விடுவாரா? யார், எங்கிருந்து, எதைப் பார்த்தார் என்று காட்டிக்கொடுக்காத பிரவுசர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டார். அதோடு நின்றாரா என்றால் இல்லை. ஒரு பக்கத்தின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்கிற வேலைக்கு டிஎன்எஸ் என்று பெயர். தவறான இடம் என்றால் வழியே சொல்லாமல் மறுத்துவிடுகிற கண்டிப்பான டிஎன்எஸ்களும் உண்டு. போனின் செட்டிங்ஸில் அப்படி ஒன்றை வைத்தார். பிரவுசரின் செட்டிங்ஸுக்குள் போய் அங்கே இன்னொன்றை வைத்தார். வைத்ததை மறந்தும் போனார்.

இத்தனை மறைவும் ஒரே ஒரு பக்கத்தைப் படிக்கத்தான். அவர் மகள் வேறொரு நகரத்தில் பஸ் ஓட்டுகிறாள். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், சில்லறைச் சண்டைகள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கிறாள். அவளுக்குத் தன் லிஃப்ட் கம்பெனியிலேயே மேஜை வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். அவளோ ரகசியமாக டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய போனை எடுத்துப் படித்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். அதைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டும் உடைத்தார். "லைசென்ஸ் விஷயம் தெரிஞ்சதுக்காக நான் போகலப்பா. என் போனை எடுத்துப் பாத்தீங்க பாருங்க, அதுக்குத்தான் போறேன்," என்று பெட்டியைத் தூக்கினாள். நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் அம்மாவோடு மட்டும் பேசுவாள். அவள் பேச்சு எழுந்தாலே இவர் எழுந்து போய்விடுவார்.

ஆனால் மத்தியானம் ஒன்று பத்துக்கு, மொட்டைமாடி மோட்டார் அறையில், டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறப்பார். ஊருக்கே திறந்து கிடக்கிற பக்கம்தான். இருந்தாலும் அப்பா படிக்கிறார் என்று தெரிந்தால் எழுதுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கம் திறக்கவில்லை. அந்தப் பெயரில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிரவுசர் சொன்னது. மற்ற பக்கங்கள் எல்லாம் ஜம்மென்று திறந்தன. போனை அணைத்துப் பத்து நிமிஷம் ஆறவிட்டார். மோட்டாருக்குச் செய்கிற வைத்தியம் அது, போன் மசியவில்லை. செவ்வாய்க்கிழமை கீழே இறங்கிப் போய்ப் பம்ப் ரூம்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லித் திறக்கச் சொன்னார்.

"தொறக்குதே, அண்ணே. பஸ் படம் போட்டிருக்கு. இந்தாங்க, பாருங்க."

"வேணாம், உன் போனு. நீயே வச்சுக்க."

இன்னொருவர் போனைத் தொடுவதில்லை என்று அவருக்கு ஒரு சத்தியம் இருந்தது. தனக்குத் தானே செய்துகொண்டது. மேலே ஏறி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் திறக்கிறது, தனக்கு மட்டும் திறக்கவில்லை. அப்படியென்றால் கண்டுபிடித்துவிட்டாள். ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

உண்மை அதில்லை. அவள் தன் பக்கத்தை வைத்திருந்தது, பல பேர் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்கிற ஒரு பொது இடம். அதில் மோசடிக்காரன் எவனோ புதிதாகக் குடிவந்திருந்தான். கண்டிப்பான டிஎன்எஸ் இரண்டும் ஒரே வாரத்தில் அந்த வளாகத்தையே ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிட்டன. இது அவருக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து முறைப்படி ஆரம்பித்தார். டிஎன்எஸ் ஞாபகத்துக்கு வந்தது. பிரவுசரில் வைத்ததை எடுத்தார், பார்த்தார், திறக்கவில்லை. பழையபடி வைத்தார். போனில் வைத்ததை எடுத்தார், பார்த்தார், திறக்கவில்லை. அதையும் பழையபடி வைத்தார். மறுபடி முதலிலிருந்து. நாலாவது சுற்றில் மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"என்னங்க, ஒரு மணி நேரமா அதையே நோண்டுறீங்க?"

"ரெண்டு எடத்துல காவல் வச்சிருக்கேன். இதை எடுத்தாலும் தொறக்கல, அதை எடுத்தாலும் தொறக்கல."

"இதை எடுத்துட்டு?"

"திருப்பி வச்சுட்டுத்தான் அதை எடுத்தேன். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நல்லா இருக்கு உங்க மொறை! ரெண்டு பூட்டு போட்டா ரெண்டையும் தொறந்தாத்தானே வெளிய போக முடியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை உதறினாள்.

ஒன்றை எடுத்தபோதெல்லாம் மற்றது மறித்துக்கொண்டிருந்திருக்கிறது. இருபத்தாறு வருஷ ஒழுங்கு இப்படி மண்ணைக் கவ்வியதில் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டையும் ஒருசேர எடுத்தார். பக்கம் திறந்தது.

அன்று மத்தியானம்தான் அவள் எழுதியிருந்தாள். சின்னக் குறிப்பு.

"இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களே ஒரு பத்துப் பேர்தான். அதில் ஒருவர் தினமும் ஒன்று பத்துக்கு வருவார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வந்த நேரம் மட்டும் கணக்கில் விழும். ஒருநாள் தவறியதில்லை. மூன்று நாளாக அவரைக் காணோம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? நன்றாக இருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்."

அதை மூன்று தடவை படித்தார். போனைத் திண்டில் கவிழ்த்து வைத்தார். ஜன்னல் வரை போனார், திரும்பி வந்து எடுத்தார். கண் எரிந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

கீழே பதில் எழுதக் கட்டம் இருந்தது. "நல்லா இருக்கேன். போன்ல கோளாறு" என்று ஒரு விரலால் தட்டி அனுப்பினார். போகவில்லை. பெயர் இல்லாமல் அனுப்ப முடியாது என்று சிவப்பில் எழுத்து வந்தது. ஏதாவது ஒரு பெயரைப் போட்டால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை.

அப்பா என்று போட்டார். அனுப்பினார்.