துவாய் கிடந்த இருக்கை

பிக்கரிங்கிலிருந்து ரொறன்ரோ நகர மையத்துக்குப் போகும் காலை ரயிலில் எனக்குப் பக்கத்து இருக்கையில் என் கைப்பை இருந்தது. அடுத்த நிலையத்தில் ஏறும் அலுவலகத் தோழிக்காக அதை அங்கே வைத்திருந்தேன். நீண்ட மேலங்கி அணிந்த ஒரு பெரியவர் வந்து நின்று, என் பைக்குப் பயணச்சீட்டு இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் மிகுந்த பணிவோடு கேட்டார். பரிசோதகர் என்று எண்ணி, என் பயண அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். எதிரே இருந்த இருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிய பின்னரே எனக்கு விளங்கியது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் நன்றி சொல்லி அமர்ந்தார். தோழி ஏறி, நகரம் வரும்வரை நின்றபடியே வந்தாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இந்த நாட்டில் இருக்கை என்பது வந்து சேர்ந்தவருக்குரியது. வரப்போகிறவருக்கு இடமில்லை. இது நியாயமான விதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளாகியும் என் கை அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புப் படித்த காலத்தில், காலை ஆறு மணிக்குத் தொடங்கும் கணித ரியூசன் வகுப்புக்கு நான் ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்லை. கொடிகாமத்திலிருந்து வரும் முதல் பேருந்து ஆறேகாலுக்குத்தான் நகரத்தைத் தொடும். ஓலைக் கொட்டகைக்குள் இருநூறு பேர் நெருக்கியடித்துக்கொண்டிருப்பார்கள். ஆயினும் மூன்றாம் வரிசை வாங்கில் எனக்கு எப்போதும் ஓர் இடம் இருக்கும். என் வகுப்புத் தோழி கௌரி ஐந்தரைக்கே வந்து, தன் லேஞ்சியை விரித்து, அது பறக்காமல் கொம்பாஸ் பெட்டியை மேலே வைத்திருப்பாள். ஒரு முழக் கைக்குட்டை. அதை எவரும் தொட்டதில்லை. வாங்குக்காகச் சண்டை பிடிப்பவர்கள்கூட, லேஞ்சி கிடந்தால் மறுபேச்சின்றி அப்பால் போவார்கள். சட்டத்துக்கு அஞ்சாத காலத்தில் ஒரு துணித்துண்டுக்குக் கட்டுப்பட்டவர்கள் நாங்கள்.

யப்பானியப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு நானும் கௌரியும் ஒன்றாகவே விண்ணப்பித்தோம். இருவருக்கும் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்தது. அதே மாதத்தில், முன்பே கனடாவுக்குப் போயிருந்த அண்ணன் எங்கள் குடும்பத்துக்காகத் தாக்கல் செய்திருந்த விண்ணப்பமும் சரிவந்தது. நான் நேர்முகத்துக்குப் போகவில்லை; கௌரி போய்த் தெரிவாகி, யப்பானிலேயே தங்கிவிட்டாள். ஆகவே என் இடத்தில் கௌரி இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எழுந்து போனவள் நான். இதை எனக்கு நானே பலமுறை விளக்கியிருக்கிறேன். பொறாமை விளக்கங்களைக் கேட்பதில்லை.

இந்த ஆண்டு எங்கள் பாடசாலையின் ரொறன்ரோப் பழைய மாணவிகள் இருபத்திரண்டு பேர் யப்பானுக்குச் சுற்றுலா போகத் தீர்மானித்தார்கள். பயணக்குழுவின் தலைவி புஷ்பம் அன்ரி. ஒரு காலத்தில் பாடசாலையின் வலைப்பந்தாட்டத் தலைவி; இப்போது ஸ்ரௌவ்வில்லில் மகளோடு வசிக்கிறார். “கோயிலும் மலையும் எல்லாரும் காட்டுவினம் பிள்ளை. எனக்கு ஒரு மட்ச் பாக்கவேணும், அவ்வளவுதான்” என்று அவர் சொன்னதால், கௌரி வாழும் நகரத்தில் உள்ள பெரிய விளையாட்டரங்கில் ஓர் உதைபந்தாட்டம் பயணத்தில் சேர்க்கப்பட்டது. அரங்குக்கு வருகிறவர்களுக்கான கையேடு ஒன்றைக் கௌரி தமிழில் எழுதி எனக்கு அனுப்பினாள். “நீ பாத்துத் திருத்திப்போட்டு நேரை அவையளுக்கு அனுப்பு. எனக்குத் தமிழ் கை தப்பிப்போச்சு” என்று ஒரு குறிப்பும் இருந்தது.

கை தப்பவில்லை. எட்டுப் பக்கங்களையும் ஒரே மூச்சில் வாசித்தேன். நிலையத்திலிருந்து அரங்குக்கு இருபது நிமிட நடை. கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் வழி கேட்கத் தேவையில்லை. வாயிலில் போத்தல் பானங்களைக் கடதாசிக் குவளையில் ஊற்றித் தருவார்கள், கோபிக்க வேண்டாம். மழை வந்தால் குடை விரிக்கக்கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மழையங்கி கொண்டு வாருங்கள். எதிரணியின் நிறம் மஞ்சள், அதை உடுத்து வராதீர்கள். குப்பைக்கு ஒரு பை கொண்டு வாருங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். தோற்றவர்களும் நான்கு திசைக்கும் வந்து தலை வணங்குவார்கள், அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். இவற்றை வாசிக்கையில் எனக்கு எரிந்தது. அந்த ஒழுங்கு எரிச்சலூட்டவில்லை. “எங்கள் அரங்கு” என்று அவள் எழுதியிருந்தாள். எவ்விதத் தயக்கமுமின்றி, மூன்று இடங்களில். பதினைந்து ஆண்டுகளில் ரொறன்ரோவின் எந்தக் கட்டடத்தையும் நான் “எங்கள்” என்று எழுதியதில்லை.

ஐந்தாம் பந்தி இப்படி இருந்தது: “எண்ணிடப்படாத இருக்கைகளில் ஒருவர் கழுத்தில் போடும் தன் துவாயை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகலாம். திரும்பி வரும்வரை அதை எவரும் தொடமாட்டார்கள். ஆகவே துவாய் கிடக்கும் இருக்கையில் அமராதீர்கள். நானும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முதலில் போய், எப்போதும் பிந்தி வருகிற என் தோழிக்கு இடம்பிடித்து வைப்பேன்.” நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. எங்கள் லேஞ்சி கடல் கடந்து போய் அங்கே ஒரு நாட்டின் வழக்கமாகவே இருக்கிறது. அதை எழுதும்போது கௌரி என்னை நினைத்திருக்கிறாள் என்று எண்ணினேன். அடுத்த வரி: “அவளுடைய பெயர் மிச்சிக்கோ. என் அலுவலகத்தில் வேலை செய்கிறாள்.”

நான் ஐந்தாம் பந்தியை நீக்கினேன்.

குடியிருப்பாளர்களுக்கான தகவல் பத்திரங்களைத் தமிழில் எழுதிச் சரிபார்ப்பது என் தொழில். ஒரு வரி விடுபட்டால் ஒரு குடும்பம் தன் விசாரணை நாளைத் தவறவிடும் என்பதைப் புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஆகவே நீக்கியதற்கும் ஒரு பொதுநலக் காரணத்தை உடனே கட்டியெழுப்பினேன். இடம்பிடிக்கலாம் என்று தெரிந்தால் எங்களவர்கள் ஆளுக்குப் பத்து இருக்கையில் சால்வை விரிப்பார்கள்; இருபத்திரண்டு பேரும் விரித்தால் அந்த ஊர் மக்கள் எங்கே அமர்வது? காரணம் உறுதியாகத்தான் இருந்தது. பந்திகளுக்கு மீண்டும் இலக்கமிட்டு, குழுவுக்கு அனுப்பிவைத்தேன். கௌரிக்கு அதைப்பற்றி எழுதவில்லை.

பயணம் முடிந்து வந்த வாரத்தில் புஷ்பம் அன்ரி என்னை ஸ்ரௌவ்வில்லுக்கு அழைத்தார். தேத்தண்ணீரும் யப்பானிலிருந்து கொண்டுவந்த அரிசி பிஸ்கற்றும் மேசைக்கு வந்தன.

“உம்மடை புத்தகத்திலை இருந்த எல்லாத்தையும் அச்சொட்டாச் செய்தம். மஞ்சள் உடுக்கக்கூடாது எண்டதாலை என்ரை மஞ்சள் சுவெற்றர் பெட்டிக்குள்ளையே கிடந்து யப்பானைப் பாக்காமல் திரும்பி வந்தது” என்றார்.

“புத்தகம் கௌரியின்ரை, அன்ரி.”

“ரெண்டு பேரின்ரையும்தான். இதைக் கேளும். நான் அங்கை ஒரு நல்ல காரியமும் செய்தனான். கௌரி மற்றவையளைக் கூட்டியரக் கேற்றடியிலை நிண்டவ. எனக்குத்தான் அவசரமெண்டு தெரியுமே. தன்ரை சீற் எதெண்டு கௌரி சொல்ல, நான் முன்னுக்கே ஏறிப் போயிட்டன். அதுக்குப் பக்கத்துச் சீற்றிலை ஒரு நல்ல துவாய். புதுசு. ஆரோ மறந்துபோய் விட்டிட்டினம். பாவம் தேடுவினம் எண்டு, அங்கை வேலைக்கு நிண்ட பெடியன் ஒருத்தனைக் கூப்பிட்டுக் கையிலை குடுத்தன். அவன் குனிஞ்சு குனிஞ்சு வாங்கிக்கொண்டு போனான். பிறகு நான் அதிலை இருந்தன்.”

பாதிப் பிஸ்கற்றைத் தட்டில் வைத்தேன். “பிறகு?” என்றேன்.

“பிறகென்ன, மட்ச் தொடங்கீற்றுது. ஒரு யப்பான்காரப் பிள்ளை பிந்தி வந்து, சீற் கிடைக்காமல் பின்னாலை சுவரோடை நிண்டுது. கௌரிக்கும் என்ன வந்துதோ, எழும்பிப் போய் அதுக்குப் பக்கத்திலை நிண்டவ. ‘ஏன் பிள்ளை, வந்து இருமன்’ எண்டு கேட்டன். ‘பரவாயில்லை அன்ரி, நிண்டு பாத்தால் வடிவாத் தெரியும்’ எண்டா. சரி, இடம் சும்மா கிடக்குதெண்டு நான் அதிலை என்ரை ஹாண்ட்பாக்கை வைச்சன்.”

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் பேருந்துச் சன்னலுக்குள்ளால் குடையை எறிந்து இடம்பிடித்த தலைமுறை அன்ரியுடையது. துவாயின் பொருள் அவருக்குத் தெரியாததல்ல. கனடா அதை மறக்கடித்திருந்தது; மறந்ததை நினைவூட்ட இருந்த ஒரேயொரு பந்தியை நான் எடுத்துவிட்டிருந்தேன். அவருடைய நேர்மையில் ஒரு பழுதும் இல்லை. எங்கள் மொழியை வாசிக்கத் தெரியாத ஒரு பெண் அதன் விலையாக ஓர் ஆட்டம் முழுவதும் நின்றிருக்கிறாள். விளைவுகளை எண்ணிப் பார்ப்பவள் என்று என்னைப்பற்றி நான் வைத்திருந்த எண்ணம் அந்தத் தேத்தண்ணீர் மேசையில் என்னோடு அமரவில்லை.

ஞாயிறு மாலை கௌரியை அழைத்தேன். அவளுக்கு அது திங்கட்கிழமைக் காலை.

“அன்ரி ஆக்கள் சுகமா வந்து சேந்தவையோ?” என்று கேட்டாள்.

“ஓம். உன்னைப் புகழ்ந்து முடியேல்லை.”

“ஒண்டு கேக்கட்டே. அன்ரியின்ரை கையிலை இருந்த பிரதியைப் பாத்தனான். துவாய்க் கதையைக் காணேல்லை. மஞ்சளுக்குப் பிறகு நேரை குப்பைக்குப் போகுது.”

“நான்தான் எடுத்தனான்.”

“பக்கம் கூடிப்போச்செண்டோ?”

அவள் எனக்கொரு வாசலைத் திறந்து வைத்தாள். “ஓம்” என்ற ஒரு சொல்லோடு வெளியேறியிருக்கலாம். அதற்குப் பதிலாக என் பொதுநலக் காரணத்தைச் சொன்னேன்: சால்வை, பத்து இருக்கை, அந்த ஊர் மக்கள்.

“உது நீ ஒஃபிசுக்கு எழுதுற காரணம். எனக்குச் சொல்லு.”

“அதிலை மிச்சிக்கோ எண்டு இருந்தது.”

மறுமுனையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டு, பிறகு நின்றது.

“பதினைஞ்சு வருசமடி,” என்றாள் கௌரி. “நானும் எத்தினை நாளைக்கு அந்த லேஞ்சியை விரிச்சு வைக்கிறது?”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

“துவாயைப் பிறகு போய்த் திருப்பி வாங்கியாச்சு, அதொண்டும் இல்லை,” என்றாள். “மிச்சிக்கோ என்னட்டைக் கேட்டவ, உங்கடை ஊரிலை இடம்பிடிக்கிற வழக்கம் இல்லையோ எண்டு. ஒரு குறையாக் கேக்கேல்லை, அறியத்தான் கேட்டவ. நான் என்னத்தைச் சொல்லுறது? எங்கடை ஊரிலைதான் நான் பழகினனான் எண்டோ? அன்ரி அங்கை என்ரை சீற்றிலை ஹாண்ட்பாக்கை வைச்சுக்கொண்டு எனக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறா.”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது நீடிக்கவில்லை.

“அந்தப் பந்தியைத் திருப்பி எழுதி அனுப்பு,” என்றாள். “நான் எழுதினது உனக்கு வேண்டாமெண்டால் நீயே எழுது. இனியும் ஆக்கள் வருவினம்.”

“மன்னிச்சுக்கொள்ளடி.”

“எழுதி அனுப்பு,” என்றாள் மீண்டும். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ரயிலில், பையை மடியில் வைத்து அதன்மேல் கைப்பேசியை வைத்து எழுதத் தொடங்கினேன். அவளுடைய பழைய வரிகளைத் திரும்ப ஒட்டியிருக்கலாம். ஆயினும் நானே எழுதினேன். துவாய் கிடக்கும் இருக்கை வெறும் இருக்கை அல்ல. அங்கே ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மறந்திருந்தால் அரங்கின் வாசலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இவ்வளவும் தடையின்றி வந்தது. அடுத்த வரியை எழுத எனக்கு இரண்டு நிலையங்கள் பிடித்தன. கௌரி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முதலில் போய் மிச்சிக்கோவுக்கு இடம்பிடித்து வைக்கிறாள் என்று எழுதினேன். நல்ல மனத்தோடு எழுதினேன் என்று வாசகர்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. அந்தப் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் எரிந்தது. எழுத்துப்பிழை பார்த்து அனுப்பினேன்.

அப்போது என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து இறங்கினார். பெட்டியின் வெளிச்சத்தில் நீல நிற இருக்கை வெறுமையாய்க் கிடந்தது. அன்று என் தோழி விடுப்பில்; அடுத்த நிலையத்தில் எனக்காக எவரும் ஏறப்போவதில்லை. ஆயினும் என் கை பைக்குள் போய், ஒரு கைக்குட்டையை எடுத்து, மடிப்பை நீவி, அந்த இருக்கையில் விரித்தது. யாருக்கென்று என் கையிடம் நான் கேட்கவில்லை.

கதவு திறந்தது. முதுகுப்பை சுமந்த ஒரு பல்கலைக்கழகப் பெண் கூட்டத்துக்குள்ளால் வந்து, இருக்கையைப் பார்த்து, குனிந்து கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்தாள். “இது உங்களுடையது, விழுந்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் சொல்லி, சிரித்த முகத்தோடு என்னிடம் நீட்டினாள். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவள் அமர்ந்தாள். ரயில் நகரும்போது கைக்குட்டையை மீண்டும் நான்காய் மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தேன். நகரம் வரும்வரை பைக்குள் போடவில்லை.