யார் கூடையில் கொட்டுவது

அறுபதுகளின் கடைசியில் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. சேர்ந்தேன். முதல் வாரமே ஆபீஸ் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு, அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கடன் தருகிறது, வேலை கிடைத்த பிறகு சிறுகச் சிறுக அடைத்தால் போதும், மனு எழுதிக் கொடு என்றார். நல்ல மனுஷன். அவரிடம் நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

"படிச்சு முடிச்சப்புறம் நான் யாரு கூடையில சார் கொட்டணும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் மேல் தப்பில்லை. பழவேற்காடு ஏரியில் வலை போடுகிற எங்கள் குப்பத்தில் கடன் என்றால் ஒரே அர்த்தம்தான். வலைக்கோ கல்யாணத்துக்கோ ஏபாரியிடம், அதாவது இறால் வியாபாரியிடம், முன்பணம் வாங்கியவன், அது தீரும்வரை பிடித்த இறாலையெல்லாம் அவர் கூடையில்தான் கொட்ட வேண்டும். அவர் சொன்னதுதான் விலை. வாங்காதவன் ஏலத்துக்குப் போகலாம், பேரம் பேசலாம், கோபித்துக்கொண்டு திரும்பியும் வரலாம். எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஏலத்துக்குப் போகிறவர். கரையில் அவர் நடக்கிற நடையே வேறு. அவர் பிள்ளை நான், போயும் போயும் சர்க்கார் கூடையில் விழுவேனா? வாங்கப்போகிற பட்டத்தை ஆயுசுக்கும் அவர்கள் சொன்ன விலைக்குக் கொட்டச் சொல்வார்கள் என்று நிஜமாகவே நம்பினேன். பி.யூ.சி.யில் முதல் வகுப்பு வாங்கியவனின் அறிவு அவ்வளவுதான்.

"யாரு கூடையிலயும் கொட்ட மாட்டேன் சார், உழைச்சே படிச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

உழைப்பு வேறொன்றுமில்லை. ஏபாரியின் இறால் கூடைகளை விடிகாலை பஸ்ஸின் கூரையில் ஏற்றிப் பொன்னேரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் பட்டணம்வரை காவல் போக வேண்டும். எப்படியும் நான் போகிற ரயில், கூலியும் கிடைக்கும். ஐஸ் உருகி என் சட்டையில்தான் வடியும். மீஞ்சூரில் ஏறுகிறவர்கள் என் வாடை பட்டதும் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். வகுப்பிலும் என் பெஞ்சில் நான் ஒருவன்தான். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். யாராவது தப்பித் தவறிப் பக்கத்தில் உட்கார்ந்தால், சொந்தக் காலில் நிற்பதைப் பற்றி ஒரு பாட்டம் பேசி அவரையும் எழுப்பிவிடுவேன். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் அதையே பேசிப் பரிசு வேறு வாங்கினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. படகு போகவில்லை. கூடையும் இல்லை, கூலியும் இல்லை. கல்லூரிச் சம்பளம் கட்டக் கெடு வந்துவிட்டது, கட்டாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை, மூஞ்சி சொல்லியிருக்கும். ஒருநாள் நைனா பணத்தை என் கையில் வைத்தார்.

"ஏது நைனா?"

"இன்னாத்துக்குக் கேக்குற? எடுத்து வச்சிருந்தேன். போய் கட்டிக்கினு வா."

அவர் எடுத்து வைக்கிற ஆளா என்று நான் யோசித்திருக்கலாம். எனக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? குமாஸ்தாவின் மேஜையில் பணத்தை வைத்து, "கடன் வாங்காமலே கட்டிட்டேன் பாத்தீங்களா சார்" என்று சொல்லத்தான் ஓடினேன்.

மழை விட்டுப் படகுகள் போய்த் திரும்பின முதல் நாள், கூடைகளை எடுக்கக் கரைக்குப் போனேன். ஏபாரியின் கூடைகளுக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நின்று கொட்டிக்கொண்டிருந்தார்கள். விலை கேட்கிற வேலை இல்லாததால் அங்கே பேச்சே இருக்காது. அந்த வரிசையில் நைனாவும் நின்றார். பத்தடி தள்ளி ஏலம் நடந்துகொண்டிருந்தது, இறால் நல்ல விலைக்குப் போனது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

என் கல்லூரிச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. "நைனா, இது..." என்றேன்.

"பஸ்ஸு வந்துடும், கூடைய எடு" என்றார். பிறகு என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "ஏன்டா பேஜாரா பாக்குற? நீதான் யாரு கூடையிலயும் விழலியே" என்றார். கிண்டல் இல்லை, பெருமையாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் கொட்டிய கூடையை நானே தூக்கி பஸ்ஸில் ஏற்றினேன். அன்றைக்கு மீஞ்சூரில் ஒருவர் தெரியாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடம் நான் எதுவும் பேசவில்லை.

கூடைகளை ஒப்படைத்துவிட்டு, வகுப்புக்குப் போகாமல் நேரே ஆபீசுக்குப் போய்க் கடன் மனு கேட்டேன். குமாஸ்தாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சிரித்தார்.

"என்னப்பா, யார் கூடையிலயும் கொட்ட மாட்டேன்னியே?"

"எங்க நைனா கொட்டிக்கினு இருக்காரு சார்" என்றேன்.