கரண்டி போடாத குழம்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கோபம் மட்டும் வராமல் இருந்திருந்தால் எங்கள் மெஸ்ஸில் இன்றைக்கும் சீலா மீன்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நல்ல மீன்பிடி வள்ளமும் கைமாறிப் போயிருக்கும்.

எங்கள் மெஸ் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. கல்லாவில் அவர், அடுப்படியில் நான். கன்டெய்னர் லாரி டிரைவர்களும் ஷிப்பிங் ஆபீஸ் ஆட்களும்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். வருகிறவர் உட்காருவதற்கு முன்னாலேயே, "சீலா இருக்கா?" என்பார். இருக்கிறது என்றால்தான் நாற்காலியை இழுப்பார். அவர்களைச் சொல்லி என்ன? நானே அப்படித்தான். நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம், திருவிழாவுக்குப் போனால்தான் கடலைப் பார்க்கிற ஊர். எனக்கு மீன் என்றால் சீலா. வட்டமாகத் துண்டு, நடுவில் ஒரே முள், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். முள் குத்துகிற மீனெல்லாம் எனக்கு மீனே இல்லை.

போன வருஷம் ஒரு நாள் காலையில் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கிடந்த சீலா ஒவ்வொன்றும் என் முழங்கைக்குக்கூட வரவில்லை. வெட்டினால் துண்டு பிஸ்கட் மாதிரி இருந்தது. வயிற்றைக் கீறிப் பார்க்கிறேன், சினை இல்லை. யோசித்துப் பார்த்தால், சினை வைத்த சீலாவைப் பார்த்தே மாசக்கணக்காகிவிட்டது. பெட்டி கொண்டுவருகிறவரைப் பிடித்து ஒரு கத்து கத்தினேன். அவர் அசரவே இல்லை. பெருசை எல்லாம் பிடித்தாயிற்று, இனி விசைப்படகுக்காரர்களின் இழுவை மடி வலையில் வருகிற குஞ்சுதான், அதுவும் அடுத்த வருஷம் கிடைக்குமோ என்னவோ என்று சொல்லிவிட்டு, அடுத்த கடைக்கு வண்டியைக் கிளப்பினார். முட்டை போடாத பிள்ளையை எல்லாம் பிடித்து வறுத்துக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடு வாசலுக்கு வந்தால், மீன் விற்கிற பெண் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம். விடியுமுன்னே கடலுக்குப் போய்க் காலையில் கரைக்கு வந்துவிடுவார். வலையில் வருவது பெரும்பாலும் சாளை, மத்தி என்பார்களே அந்தச் சின்ன மீன். கூடை முக்கால்வாசி அப்படியே இருந்தது. முள் மீன் என்று எல்லாரும் ஒதுக்குகிறார்களாம். மிஞ்சுவதெல்லாம் கோழித் தீவனத்துக்கு அரைக்கப் போகிறதாம். இப்படியே போனால் கட்டாது, அதனால் வள்ளத்தை விற்கப் போகிறோம், மூன்று வாரத்தில் ஆள் பார்க்க வருகிறது என்றாள். விற்றுவிட்டு என்ன செய்வார் என்று கேட்டேன். விசைப்படகுக்குக் கூலிக்குப் போவார் என்றாள். அதாவது, அந்தக் குஞ்சு சீலாவை வாரிக்கொண்டு வருகிற இழுவை மடியை இனிமேல் அவரும் சேர்ந்து இழுக்க வேண்டும். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஏளா, நாளையிலேருந்து கூடையோட இங்கன வா. இனி என் கடையில சீலா கிடையாது" என்று சொல்லிவிட்டேன். உள்ளே கல்லாவில் இருந்தவர் தலையில் கை வைத்தார். கடையை மூடுவதற்கு நல்ல நாள் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். நான் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் என் மானம் கப்பலேறியது. வழக்கமான பெரிய அண்டாவில் புளியைக் கரைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, கூடைச் சாளையையும் கொட்டி, வழக்கம்போல நீளக் கரண்டியால் கிண்டினேன். கொஞ்ச நேரத்தில் அண்டாவில் மீன் இல்லை. சதை கரைந்து, முள் மட்டும் மிதந்தது. பத்து வருஷமாக எங்களிடம் சாப்பிடுகிற ஒரு தலைமை கிளார்க் அண்ணாச்சி முதல் வாயிலேயே தொண்டையில் முள் சிக்கி, வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினார். கை கழுவிவிட்டு, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று கல்லாவில் சொல்லிவிட்டே போனார். அவரோடு ஒரு மேஜையே எழுந்து போனது. அழுகையும் ஆத்திரமுமாக நின்றேன்.

வெற்றுக் கூடையை எடுத்துப் போக வந்தவள் அண்டாவை எட்டிப் பார்த்தாள். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். திட்டினாள்.

"என்னக்கா இது அநியாயம்! சாளைக்குப் போயி யாராச்சும் கரண்டி போடுவாங்களா? சட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு சுத்து சுத்தி விடணும், அம்புட்டுத்தான்."

இவ்வளவு பெரிய அண்டாவை எந்தப் பீமன் வந்து சுற்றுவான் என்று நானும் கத்தினேன். கத்தின வாய் அப்படியே நின்றுவிட்டது. சீலா கரண்டியைத் தாங்கும், எவ்வளவு கிண்டினாலும் உடையாது. அதனால்தான் அது என் அண்டாவுக்குத் தோதாக இருந்தது. இத்தனை வருஷமும் எங்கள் கடையில் எந்த மீன் வேக வேண்டும் என்று முடிவு செய்தது ருசியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அந்த அலுமினிய அண்டாதான்! கையால் சுற்ற முடியாத பாத்திரத்துக்காகக் கடலில் குஞ்சு வரைக்கும் வாரிக்கொண்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறி ஏரலுக்குப் போய்ப் பத்து மண்சட்டி வாங்கி வந்தேன். அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, பழக்கி எடுக்க நாலு நாள். அந்த நாலு நாளும் மெஸ்ஸில் சாம்பாரும் முட்டையும்தான், வசவு வேறு. ஐந்தாம் நாள் அவளே அடுப்படிக்கு வந்து நின்றாள். மாங்காய் கீறிப் போட்டு, குழம்பு கொதித்ததும் மீனைப் போட்டு, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று. அவ்வளவுதான், இறக்கிவிட்டாள். ஒரு மீன்கூட உடையவில்லை. சாளை சீக்கிரம் வெந்துவிடுவதால் ஒரு சட்டி தீருமுன்னே அடுத்த சட்டி தயார். இலையில் முழு மீனாக வைத்தால் முள் நடுவோடு ஒரே இழுப்பில் வந்துவிடும். முள் குத்தும் மீன் என்று நான் ஒதுக்கியதெல்லாம், உடைத்துத் தின்றதால் வந்த வினை.

லாரி டிரைவர்கள்தான் முதலில் திரும்பி வந்தார்கள். ஒருவர் சட்டியை வழித்துவிட்டு, எங்க அம்மா வைக்கிற குழம்பு என்றார். இரண்டாம் வாரம் ஆபீஸ் ஆட்கள் தலை காட்டினார்கள். சாப்பிட்டவர்கள் வீட்டுக்கும் கொஞ்சம் மீன் வேண்டும் என்று கேட்க, எங்கள் வாசலிலேயே அவள் கூடை காலியாக ஆரம்பித்தது. இன்னும் இரண்டு மெஸ்காரர்கள் வந்து சட்டி எங்கே வாங்கியது என்று விசாரித்துப் போனார்கள். சொன்னேன். இதில் என்ன ரகசியம்?

ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. புருஷன் வாக்குக் கொடுத்துவிட்டாராம். வருகிற ஆளை வரவேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம்.

ஆள் வருவதாகச் சொன்ன வியாழக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் நிற்க இடமில்லை. என் தொண்டை கட்டிப்போயிருந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை. வாசலில் அவளும் புருஷனும், கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவரும் நின்றார்கள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கரையில் வள்ளத்தைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, வந்த மனுஷனைப் பட்டினி அனுப்பக்கூடாது என்று சாப்பிட அழைத்து வந்திருக்கிறார்கள். வள்ளம் போயிற்று என்று நினைத்தேன். ஆனாலும் வந்தவருக்கு இலை போட்டுத்தானே ஆக வேண்டும். போட்டேன்.

பெரியவர் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு மீன், இரண்டு மீன், ஐந்து மீன். முள்ளை வரிசையாக இலை ஓரத்தில் அடுக்கினார். எதிர் மேஜையில் யாரென்று பார்த்தால், இனி வரமாட்டேன் என்று போன கிளார்க் அண்ணாச்சி. மூன்றாவது தடவை குழம்பு கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பார்த்தார்.

இந்த மீன் எங்கே பிடித்தது என்று பெரியவர் என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன்னே என் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து நின்று, "நீங்க வாங்க வந்திருக்கிற வள்ளத்துலதான், அண்ணாச்சி" என்றார். கடையை மூட நாள் பார்த்தாயா என்று கேட்ட அதே மனுஷன்!

பெரியவர் நிறைந்திருந்த மேஜைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அவள் புருஷனைப் பார்த்தார்.

"ஏலே, இம்புட்டுப் பேரு உன் மீனுக்குக் காத்துக் கிடக்காங்க. இத எதுக்குல விக்க? நான் வேற வள்ளம் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வெட்கமில்லாமல் எல்லார் முன்னாலும் அழுதேன், இங்கே எழுதும்போதும் அழுகிறேன். அவள் புருஷன் மட்டும் அசையவில்லை. அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த காலிச் சட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று வாரத்தில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசினார்.

"நாளைக்கு எத்தன சட்டிக்கு மீனு, அக்கா?"

"பதினஞ்சு" என்றேன்.