காட்டுக்கு விட்ட குதிரை

போன கிழமை வவுனியாவில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகள் தர்ஷி கண்ணாடிக்கு முன்னால் இருந்து, தலைமயிரை நேராக்குகிற சூட்டுக் கருவியால் இழுத்துக்கொண்டிருந்தாள். மடியில் போன். போனில் ஒரு குதிரை புல் மேய்ந்துகொண்டு நின்றது. பிள்ளைக்குக் கண் குதிரையில். கருவி ஒரே இடத்தில் கூட நேரம் நின்றுவிட, மயிர் பொசுங்குகிற மணம் அறை முழுக்கப் பரவியது.

"அன்ரி, உங்களுக்கு இந்த விளையாட்டு நல்லாத் தெரியுமெண்டு அம்மா சொன்னவா. புதுசாத் தொடங்கிற ஆள் முதல்ல என்ன செய்யோணும்?"

தெரியுமாவா? ஒரு காலத்தில் நெடுங்கேணியில் என்னை மிஞ்சிக் குதிரை வளர்த்தவர் எவருமில்லை. வேறு எவரும் வளர்க்கவில்லை என்பதும் உண்மைதான். "முதலில் சாப்பாடு போடு, தேய்த்துக் குளிப்பாட்டு, மற்றதெல்லாம் பிறகு" என்றேன். வருகிற எல்லாரும் முதல் நாளே குட்டி போட வைக்கத்தான் துடிப்பார்கள். என்னுடைய முதல் குதிரைக்குப் புயல் என்று பெயர் வைத்தேன். பிறகு கோயில் திருவிழா வந்தது, புயலை மறந்துபோனேன். திரும்பி வந்து பார்த்தால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது, விலா எலும்பு எண்ணலாம். புயல் என்று பெயர் வைத்தால் வயிறு நிறைந்துவிடுமா?

தர்ஷி சிரித்தாள். எனக்கு அந்த மணம் மூக்கை விட்டுப் போகவில்லை.

எங்கள் வீட்டில் அது வருடத்துக்கு ஒரு முறை வருகிற மணம். மாட்டுப்பட்டி வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். கன்றுகளுக்குக் குறி சுடுகிற நாள். நுனியில் எழுத்து வளைத்த இரும்புக் கம்பியை நெருப்பில் போட்டுச் சிவக்க வைத்து, பின்தொடையில் வைத்து அழுத்துவார்கள். வன்னியில் மாடு காட்டில் மேய்கிற சாமான், யாருடையது என்று தொடையில்தான் எழுதியிருக்கும். அப்பா நான் சிறு பிள்ளையாய் இருக்கும்போதே பாம்பு கடித்துச் செத்துப்போனார். அதற்குப் பிறகு கம்பியைப் பிடித்தவர் அம்மா. கன்றின் காலை வாரி விழுத்துவார், கழுத்தில் முழங்காலை ஊன்றுவார், மற்றவர்கள் காலைக் கட்டி முடிக்க முதலே கம்பியை வைத்துவிடுவார். மயிர் பொசுங்கும், பிறகு தோல், பிறகு அதற்குக் கீழே இருக்கிறது. கன்றின் கண் பிதுங்கி நாக்கு மண்ணில் கிடக்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். அம்மா என்னைப் பார்த்து, "இண்டைக்கு அழாட்டி நாளைக்கு மாடு இல்லை" என்பார். நாம்பன்களின் விதையை நசுக்குகிற வேலையையும் அவரே நின்று செய்விப்பார். அம்மாவின் கை என்றால் எனக்குச் சோறு ஊட்டின கை முதலில் ஞாபகம் வராது. சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கடைசியாக அம்மா குறி சுட்டது ஒரு நாகு கன்றுக்கு, பெண் கன்று. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பெயரும் சுட்டி. அந்தப் புண் காய முதலே சண்டை கிட்ட வந்து செல் குண்டு விழத் தொடங்கிவிட்டது.

ஓடவேண்டி வந்த அன்று அம்மா காட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போய் எல்லா மாட்டின் கயிற்றையும் வெட்டினார். வாசல் படலையைப் பிடுங்கி எறிந்தார். மாடுகள் காட்டுப் பக்கம் போய்விட்டன. சுட்டி மட்டும் போகவில்லை. நாங்கள் ஏறின உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடி வந்தது. பின்னால் வந்தால் சனத்துக்குள்ளேயும் வாகனத்துக்குள்ளேயும் நசுங்கிச் சாகும், இல்லாவிட்டால் யாரும் வெட்டித் தின்பார்கள். அம்மா இறங்கினார். கல் பொறுக்கி எறிந்தார். முதல் கல் முன்னங்காலில் பட்டது. கன்று நின்று பார்த்தது, திரும்பவும் கிட்ட வந்தது. அடுத்தது முகத்தில். "போடி, காட்டுக்குப் போடி" என்று கத்திக்கத்தி எறிந்தார். சுட்டியின் மூக்கால் இரத்தம் வடிந்தது. கடைசியில் அது திரும்பிக் காட்டுக்குள் ஓடியது, ஓடுகையில் நின்று ஒரு முறை பார்த்தது. அம்மா உழவு இயந்திரத்தில் ஏறி என் பக்கத்தில் இருந்தார். வழியில் எத்தனையோ பார்த்தோம், அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அந்தக் கன்றின் மூக்குத்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

சண்டை முடிந்து அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது வீடு இல்லை, பட்டி இருந்த இடத்தில் பற்றைக்காடு. எனக்கு நெடுங்கேணியில் ஒரு கொமினிக்கேசனில் வேலை கிடைத்தது. போட்டோக் கொப்பி அடிப்பது, வெளிநாட்டுக்குக் கதைக்க லைன் எடுத்துக் கொடுப்பது, மூன்று பழைய கொம்பியூட்டர்களுக்குக் காவல் இருப்பது. முதலாளி அண்ணை நல்ல மனுசன், வாய்ச்சண்டை என்றாலும் கிட்டப் போகமாட்டார். ஆள் இல்லாத மத்தியானங்களில்தான் நான் இந்தக் குதிரை விளையாட்டைக் கண்டுபிடித்தேன்.

ஒரு நாள் அம்மா என்னைக் கூட்டிப்போக வந்தவர், பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"உது என்னடி? ஆற்ற குதிரை?"

"என்ர. விளையாட்டம்மா."

"நெஞ்சு ஒடுங்கிப்போய்க் கிடக்கு. உதை ஆர் வாங்குவான்? தள்ளு அங்கால."

அன்றையில் இருந்து அந்தக் கதிரை அம்மாவுடையது. ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது, படத்தைப் பார்த்தே எல்லாம் பிடித்துவிட்டார். தர்ஷிக்கு நான் சொல்லிக் கொடுத்த புத்திமதி பாதிக்கு மேல் அம்மா வாயால் வந்தது. வடிவைப் பார்த்துக் குதிரை எடுக்காதே, காலையும் நெஞ்சையும் பார். தாயையும் அது போட்ட குட்டியையும் சோடி சேர்க்காதே, வருகிறது நோஞ்சானாகத்தான் வரும். குட்டி போட்டதை உடனே திரும்பச் சோடி சேர்க்காதே, ஆறவிடு. ஆண்குதிரை திறமானதாக ஒன்று போதும், மற்றதையெல்லாம் விதை எடுத்து நலமடித்துவிடு. அதற்கு ஒரு பொத்தான் இருந்தது, கத்தரிக்கோல் படம் போட்டு. அம்மா அதை அழுத்துகிற வேகத்தைப் பார்த்து முதலாளி அண்ணை எழும்பிப் பின்பக்கம் போய்விட்டார். "நலமடிச்சாச் சத்தம் போடாதாமே இதுகள்?" என்று அம்மா கேட்டார். போடாது என்றேன். "அப்ப என்ன குதிரை" என்றார். குறி சுடுகிற பொத்தான் எங்கே என்று என்னைக் குடைந்தெடுத்தார். இல்லை என்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை, எனக்குத் தேடத் தெரியாது என்பதே அவருடைய முடிவு.

அம்மா பிறப்பித்த குட்டிகளில் ஒன்று செந்நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்து, என்னிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டு ஒற்றை விரலால் அடித்தார். அதற்குத்தான் முதல் தீன், அதற்குத்தான் முதல் தேய்ப்பு. பெரிய குதிரையானது, ஓட்டப் பந்தயங்களில் வென்றது. யாரோ ஒருவன் எங்கேயோ இருந்து அதை விலைக்குக் கேட்டான். அம்மா அவனைத் திட்டின திட்டு மொழிபெயர்க்க முடியாது.

பிறகு கார்த்திகை மழை தொடங்கி எல்லா வயலிலும் விதைப்பு நடந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், வயல் விதைத்தால் வன்னியில் மாட்டை ஊருக்குள் வைத்திருக்க மாட்டார்கள். காட்டுக்கு ஓட்டிச் சாய்த்துவிடுவார்கள். நெல் வெட்டு முடியும்வரை அங்கேயே மேயும், கன்று போடும். வெட்டு முடியப் போய்க் குறியைப் பார்த்துப் பிரித்துச் சாய்த்து வருவார்கள். விளையாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. திறந்த படலை, அதற்கு அங்கால் மரங்கள். குதிரையைக் காட்டுக்கு விடுகிற பொத்தான். நான் ஒரு ஆளுக்குப் போட்டோக் கொப்பி அடித்துவிட்டுத் திரும்பும்போது அம்மா அதை அழுத்தி முடித்திருந்தார். சுட்டி நின்ற கொட்டில் வெறுமையாய் இருந்தது.

"அம்மா, உது திரும்பி வராது. விட்டா விட்டதுதான்."

"வெட்டு முடிய வரும்."

"வராதம்மா. இது மாடில்லை. காட்டுக்கு விட்டது திரும்பி வராது."

கன்னத்தில் அறை விழுந்தது. காது கூவியது. நான் சுதாரிக்க முதல் மவுஸை வயரோடு பிடுங்கிச் சுவரில் அடித்தார், அது சிதறியது. "காட்டுக்கு விட்டது வராதெண்டு சொல்ல நீ ஆரடி?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பி வந்த நாளில் இருந்து அம்மா விறகு பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிப் போனதெல்லாம் விறகுக்கு இல்லை. மாலையில் வெறுங்கையோடு வருவார், கால் முழுக்க முள் கிழித்திருக்கும். பட்டியில் இருந்த ஒரு மாடாவது உயிரோடு நிற்கிறதா, அதிலும் சுட்டி நிற்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நிற்கிறது என்றால் அன்று எறிந்த கல்லுக்கு ஒரு நியாயம் இருக்கும்.

முதலாளி அண்ணை, "பிள்ளை, அம்மாவை இனி அந்தக் கதிரையில இருத்தாதை" என்று என்னிடம் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் இருக்கவில்லை. வாசலில் நின்று, "வந்ததோ?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். "இன்னும் வெட்டு முடியேல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். வெட்டும் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. சண்டைக்குப் பிறகு ஆளில்லாமல் காட்டில் பெருகி மூர்க்கமாய்ப்போன மாடுகளை எங்கள் பக்கத்தில் குழுமாடு என்பார்கள். அவற்றைக் கண்ணி வைத்துப் பிடித்து வளர்க்கிற ஒருவர் கனகராயன்குளம் பக்கம் இருந்தார். அவருடைய பட்டியில் நெற்றிச் சுட்டியோடு ஒரு பசு நிற்கிறதாம், குறிக்கு மேல் குறி சுட்டிருக்கிறதாம். அம்மா காட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். இல்லாவிட்டால் கொலை விழும் என்று எனக்குத் தெரியும்.

பசு அங்கேதான் கட்டி நின்றது. தொடையில் இரண்டு சூடும் ஒன்றாகி அடிப்பிடித்த சோறு மாதிரிக் கிடந்தது. அம்மா குனிந்து தடவிப் பார்த்தார். "அடியில கிடக்கிறது என்ர எழுத்து" என்றார்.

"காட்டில பிடிச்சனான் அக்கா. உங்கட எழுத்தெண்டா வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார் அந்த மனிதர்.

அம்மா கயிற்றில் ஒரு வெட்டுப் போட்டார், பாதி அறுந்தது, திரும்பக் கத்தியை ஓங்கினார். அவர் பச்சைத் தடியால் அம்மாவின் தோளில் அடித்தார், எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா திரும்பி வெட்டினார். அந்த மனிதருடைய முன்கை பிளந்து வெள்ளையாய்த் தெரிந்து, பிறகு சிவந்தது. அடுத்த அடி அம்மாவின் தலையில், கத்தி தெறிக்க அவர் சாணிக்குள் விழுந்தார். நான் இடையில் விழுந்து தடியைப் பிடித்தேன், என் விரல் ஒன்று இன்றைக்கும் முழுதாக மடங்காது. அம்மா விழுந்த இடத்தில் இருந்த இருப்பில், கண்ணுக்குள் இரத்தம் ஓட, கையால் மண்ணைத் துழாவி ஒரு கல்லை எடுத்தார். அந்த மனிதருக்கு எறியக் கையை ஓங்கினார்.

பட்டியில் மற்ற மாடுகள் எல்லாம் அசைபோட்டுக்கொண்டு நின்றன. சுட்டி மாடு மட்டும் அந்தக் கையைக் கண்டது. பாதி அறுந்திருந்த கயிற்றை இழுத்து அறுத்து, வேலியை முறித்துக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடியது. காட்டு ஓரத்தில் நின்று திரும்பி ஒரு முறை பார்த்தது.

அம்மா கல்லைக் கீழே வைத்தார். "சுட்டிதான்" என்றார்.

அந்த மனிதர் கையைப் பொத்திக்கொண்டு மாடு ஓடின பக்கத்தையும் அம்மா வைத்த கல்லையும் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். "பிடிச்சுத் தாறன் அக்கா, கொண்டுபோங்கோ" என்றார்.

"வேண்டாம். என்னைக் கண்டு ஓடுற மாட்டை நான் என்னெண்டு வளக்கிறது? உம்மோட நிக்கட்டும்" என்று சொல்லி, அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவருடைய கையைக் கட்டினார். பிறகுதான் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பகுதியும் பொலிசுக்குப் போகவில்லை.

இப்போது அந்தக் கொமினிக்கேசன் இல்லை. அந்த இடத்தில் போன் திருத்துகிற கடை. குறி சுடுகிற கம்பியை அம்மா எங்கே போட்டார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் மாடும் இல்லை. குரங்குகள் வந்து தோட்டத்தை நாசம் பண்ணும்போது அம்மா கையைத் தட்டுவார், கத்துவார், கல் எடுக்க மாட்டார். குரங்குகளும் அதைத் தெரிந்துகொண்டு அவருக்கு முன்னாலேயே இருந்து பப்பாசி தின்கின்றன.

தர்ஷிக்கு எல்லாப் புத்திமதியும் சொல்லி முடித்து, காட்டுக்கு விடுகிற பொத்தானை மட்டும் தொடாதே என்று காட்டிக் கொடுப்பதற்காகப் போனை வாங்கிப் பார்த்தேன். தேடித் தேடிப் பார்த்தேன். புதிய விளையாட்டில் விற்கலாம், வாடகைக்கு விடலாம். திறந்த படலையும் மரங்களும் இருந்த அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், சந்தோசப்படுவார் என்று. அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அப்ப ஓடவேண்டி வந்தா அதுகளை என்ன செய்யிறது?"