எரிமலை ஒயினும் எங்கள் கத்தரிக்காயும்

விருந்தினர் விடுதியில் சமைக்கிறவர்களுக்குத் தெரியும்: சாப்பாடு மேசைக்குப் போன பிறகுதான் நமக்கு வயிறு கலங்கும். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் விடுதியில் மெஸ் நடத்துகிறேன். ஆங்கில இலக்கியம் படித்தவள். ஷேக்ஸ்பியர் உதவாத இடம் சமையல்கட்டு என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பாட்டில் வந்தது

புது அரவை மில்லைப் பொருத்த வந்த என்ஜினீயர் சால்வோ, சிசிலித் தீவுக்காரர். வந்ததும் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவர் ஊர் எரிமலைச் சரிவில், கறுத்த சாம்பல் மண்ணில் விளைந்த திராட்சையாம். மில் ஓடும் நாளில் திறப்பாராம். அதற்கு ஒத்துப்போகிற சாப்பாடு என் பொறுப்பு.

நிர்வாக அலுவலர் குமரேசன் என் பின்னாலேயே சமையல்கட்டுக்கு வந்தார். முந்தைய விருந்தாளி சாப்பாட்டைக் குறை சொல்லி எழுதியிருந்தார். "இவரும் ஒரு மெயில் போட்டாருன்னா மெஸ்ஸ அந்தத் திருச்சி கான்ட்ராக்ட்காரனுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் என்னைக் கேக்காதீங்கம்மா."

இந்த வயதில் எனக்கு வேறு வேலை யார் தருவார்கள்? அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது; எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. உடன் சமைக்கும் மேரி சொன்னாள்: "நீங்க நடக்குற நடைக்குத் திருமானூரே போயிட்டு வந்துரலாம்மா."

அறை வெப்பநிலை

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் வைக்கவேண்டும் என்று செல்போனில் படித்தேன். படித்தவள் அல்லவா, அப்படியே செய்தேன். ஆனால் அதை எழுதியவரின் அறை வேறு. சித்திரை மாதத்து எங்கள் அடுப்படி வேறு. தண்ணீர் கேட்டு வந்த சால்வோ அலமாரியிலிருந்த பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்து எடுத்துக்கொண்டு தன் ஏசி அறைக்குப் போய்விட்டார்.

மேரி ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரி. "எங்க மாதா கோயில்ல பூசைக்கு வைக்கிற திராட்சை ரசம் சும்மா அலமாரியிலதான் இருக்கு. இதுக்கு மட்டும் ஏசி ரூமா? குடுத்து வச்ச பாட்டிலுங்கம்மா!"

ஒத்திகை

ஒயினுக்கு ஆட்டுக்கறி பொருந்தும் என்றும் படித்திருந்தேன். ஒரு மத்தியானம் மட்டன் சுக்கா வைத்துப் பார்த்தேன். சால்வோ ஒரு வாய் வைத்தார், கண் கலங்கியது, தண்ணீர்ச் சொம்பு காலியானது. காரத்தோடு குடித்தால் ஒயினும் எரியுமாம். இது லேசான ஒயின், புளிப்பும் மெல்லிய புகைவாசமும் உள்ளது என்று விளக்கினார்.

புளிப்பு, புகை. இரண்டு சொற்களும் ஈ மாதிரி என் தலையைச் சுற்றத் தொடங்கின. வாசல்வரை போன சால்வோ திரும்பி நின்றார்: "எரிமலை பாட்டிலில் இருந்தால் போதும் அம்மா, தட்டில் வேண்டாம்."

தக்கை

மில் ஓடியது. விருந்துக்கு மேசை போட்டாயிற்று. சால்வோ கொண்டுவந்த, தக்கையை எடுக்கும் திருகியை விமான நிலையச் சோதனையிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். பட்டறையிலிருந்து ஃபிட்டர் பொன்னுசாமி ஒரு ஸ்க்ரூவும் கட்டிங் பிளேயருமாக ஓடி வந்தார். ஸ்க்ரூவைத் தக்கையில் இறக்கி, பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்து இழுத்தார். சால்வோ கண்ணை மூடிக்கொண்டார். தக்கை முழுசாக வந்தது. "மில்லு பேரிங்கக் கழட்டுறதே இதுக்குப் பரவால்ல சார்!" என்றார் பொன்னுசாமி.

மேசை

காரம் குறைத்த கறி வறுவலோடு இன்னொரு கிண்ணமும் வைத்தேன்: தணலில் சுட்ட கத்தரிக்காய், சின்ன வெங்காயம், புளி, துளி வெல்லம் சேர்த்த கொத்சு. குமரேசன் பல்லைக் கடித்தார். "வெளிநாட்டுக்காரருக்குக் கத்தரிக்காயா? மானத்த வாங்காதீங்கம்மா."

சால்வோ சப்பாத்தியில் கொத்சைத் தொட்டுத் தின்றார். ஒரு வாய் ஒயின். கறியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நேரே சமையல்கட்டுக்கு வந்தார். மெஸ் போயிற்று என்று கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் கையிலிருந்த டம்ளரில் எனக்கென்று கொஞ்சம் ஒயின். குடிக்கவில்லை, முகர்ந்தேன். மழை விழுந்த கரிக்குவியலின் வாசம். கத்தரிக்காய் விளைந்த எங்கள் மண்ணில், சுண்ணாம்புச் சுரங்கத்தில் இன்றும் பழங்கடலின் சிப்பி கிடைக்கிறது. நெருப்பு வந்துபோன மண்ணும் கடல் வந்துபோன மண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன. அவர் கிண்ணத்தை நீட்டினார்: "இன்னும் இருக்கிறதா?"

மறுநாள் குமரேசன் செல்போனோடு வந்தார். "மெஸ் உங்களுக்குத்தாம்மா. சால்வோ சார் போட்ட மெயில்ல மில்லப் பத்தி ரெண்டு வரி, மிச்சமெல்லாம் கத்தரிக்கா. ஆமா, அடுத்து ஒரு ஜப்பான்காரர் வராரு, அவருக்கு என்ன வைப்பீங்க?"

சால்வோ ஊர் எரிமலைகூட நடுநடுவே ஓய்வெடுக்குமாம். நம் வயிற்றில் இருக்கும் எரிமலைக்குத்தான் அந்த வழக்கமே இல்லை.